ஏழை வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை

ஏழைக் குழந்தை பள்ளியில் பின்தங்குவது ஏன்? பிறந்த நாளிலிருந்து அதன் தாய் அதனிடம் போதிய அளவு பேசவில்லை, அதனால்தான் என்று அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சொல்பவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். 2013இல் கிளின்டன் அறக்கட்டளை இதற்கென்று ஓர் இயக்கத்தையே தொடங்கியது. அதே ஆண்டு மேயர்களுக்காக ப்ளூம்பெர்க் அறக்கொடை நடத்திய போட்டியில் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரம் 50 லட்சம் டாலர் பரிசு பெற்றது. ஏழைக் குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைச் செருகி, நாளொன்றுக்கு அவர்கள் காதில் எத்தனை சொற்கள் விழுகின்றன என்று எண்ணி, குறைவாக இருந்தால் பெற்றோருக்குப் பயிற்சி தரும் திட்டம் அது. 2014இல் வெள்ளை மாளிகை இதற்காக ஒரு கூட்டம் கூட்டியது. சிகாகோவின் அறுவை மருத்துவர் டானா சஸ்கிண்ட் 2015இல் எழுதிய புத்தகத்துக்கு அந்தப் புகழ்பெற்ற எண்ணே தலைப்பாயிற்று: மூன்று கோடிச் சொற்கள்.

எண் பிறந்த கதையை நியாயமாகச் சொல்லிவிடுவோம். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் கான்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1960களில், அமெரிக்க அரசு வறுமைக்கு எதிராகப் போர் அறிவித்திருந்த காலத்தில், கான்சஸ் சிட்டியின் ஏழைப் பகுதியில் மழலையர் பள்ளி நடத்திக் குழந்தைகளுக்குச் சொற்களைக் கற்பித்தவர்கள். கற்பித்தபோது சொற்கள் கூடின; ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. நான்கு வயதில் பிடிப்பதே தாமதமோ என்ற கவலை அவர்களை வீடுகளுக்கு அனுப்பியது. 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் போனார்கள். குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆனதிலிருந்து மூன்று வயது வரை, சுற்றி நடந்த பேச்சைப் பதிவுசெய்து, பெற்றோர் குழந்தையிடம் பேசியதைச் சொல் சொல்லாக எண்ணினார்கள். 1995இல் முடிவுகள் நூலாக வந்தன. பேராசிரியர், வழக்கறிஞர் போன்றோரின் வீட்டில் குழந்தை மணிக்குச் சராசரியாக 2,153 சொற்கள் கேட்டது. தொழிலாளர் வீட்டில் 1,251. அரசு உதவித்தொகையில் வாழும் வீட்டில் 616. மூன்று வயதில் குழந்தைகள் பேசிய சொற்களின் எண்ணிக்கையும் இதே வரிசையில் இறங்கியது.

இதிலிருந்து எழுந்த வாதம் கேட்கக் கச்சிதமானது. அதிகம் கேட்கும் குழந்தைக்கு அதிகச் சொற்கள் தெரியும். அதிகச் சொற்கள் தெரிந்த குழந்தை நன்றாக வாசிக்கும். நன்றாக வாசிக்கும் குழந்தை படிப்பில் முன்னேறும். பேசுவதற்குக் காசு வேண்டாம், சட்டம் வேண்டாம்; எந்தத் தாயும் இன்றைக்கே தொடங்கலாம். இதைச் சொன்னவர்களிடம் இருந்தது ஏழைகள்மீது வெறுப்பன்று, அக்கறை. அதனால்தான் இதை எதிர்ப்பது கடினமாக இருக்கிறது. நம்மூர் ஆசிரியர் அறைகளிலும் “வீட்டுல பேச ஆளே இல்ல, பிள்ளை எப்படிப் பேசும்?” என்று அக்கறையோடுதான் சொல்கிறார்கள்.

அக்கறை இருந்தும் வாதம் தவறு.

1. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மூன்று கோடி என்பதை யாரும் எண்ணவில்லை. அது பெருக்கிப் பெற்ற எண். குழந்தை வாரத்துக்கு 100 மணி நேரம் விழித்திருக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,200 மணி; நான்கு ஆண்டுக்கு 20,800 மணி. 2,153ஐ இதனால் பெருக்கினால் ஏறத்தாழ நாலரைக் கோடி. 616ஐப் பெருக்கினால் ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மூன்று கோடிச் சொச்சம். ஒவ்வொரு வீட்டிலும் உண்மையில் பதிவானதோ சராசரியாக முப்பது மணி நேரம். 20,800 மணி நேரத்தைப் பற்றிய தீர்ப்பு, ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத முப்பது மணி நேரத்தின்மேல் நிற்கிறது. பதிவு மூன்று வயதோடு நின்றுவிட்டது. பெருக்கல் மட்டும் நான்கு வயது வரை ஓடியது.

உதவித்தொகைக் குடும்பங்கள் எத்தனை என்றால் ஆறு. அந்த ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். ஒரு நாட்டின் ஏழைகள் அனைவரையும் பற்றிப் பேச ஆறு வீடுகள் போதும் என்று வேறு எந்தத் துறையிலாவது ஒப்புவார்களா? ஒரு மருந்தை ஆறு பேரிடம் சோதித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்ப முடியாது. இங்கே ஆறு வீடுகளின் சராசரி வெள்ளை மாளிகை வரை போய்விட்டது. பின்னாளில் நாள் முழுதும் பதிவுசெய்யும் கருவிகளைக்கொண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் எடுத்த அளவீடு 2017இல் வெளியானது. அதில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நான்கு வயதில் இருந்த வேறுபாடு சுமார் 40 லட்சம் சொற்களாகச் சுருங்கியிருந்தது. வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மூன்று கோடி என்பது நாற்பது லட்சமாக இறங்கிய பிறகும் மேடைகளில் மூன்று கோடியே முழங்குவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

2. ஆய்வாளர் வந்து உட்கார்ந்திருக்கும்போது எந்த வீடு இயல்பாகப் பேசும்?

பேராசிரியர் வீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வருவது விருந்தாளி வருவதைப் போன்றது. அங்கே தாய் குழந்தையை மடியில் வைத்துப் படப்புத்தகத்தைப் புரட்டி, வந்தவர் முன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவாள். உதவித்தொகை வாங்கும் வீட்டுக்குக் குறிப்பேட்டோடு வருகிற அந்நியர் யார்? உதவியை நிறுத்தும் அதிகாரமுள்ள அலுவலர்களும் அப்படித்தான் வருவார்கள். வாயைத் திறந்தால் என்ன எழுதிக்கொள்வாரோ என்று அந்தத் தாய் அடக்கி வாசித்தால் அது சொல்வறுமை ஆகாது, அனுபவ அறிவு.

இது என் ஊகம் மட்டும் அன்று. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு கார்ல் பெரைட்டரும் சீக்ஃப்ரீட் எங்கல்மனும் எழுதிய நூல், ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கு மொழியே இல்லை என்ற அளவில் நடத்தி, அடிப்படை வாக்கியங்களை முதலிலிருந்து கற்பிக்கப் பாடத்திட்டம் வகுத்திருந்தது. லபோவ் நியூயார்க்கின் ஹார்லெமில் எட்டு வயது லியான் என்ற சிறுவனின் பேட்டிகளை எடுத்துக்கொண்டார். முதல் பேட்டியில் லியான் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறான். பல கேள்விகளுக்குத் தலையாட்டுகிறான். தெரியாது, இல்லை, அவ்வளவுதான். பேட்டி எடுத்தவர் வெளியார்கூட அல்லர். ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவரான கிளாரன்ஸ் ராபின்ஸ்தான். தோல் நிறமும் பேச்சும் ஒன்றாக இருந்தும், பெரியவர் கேட்கச் சிறுவன் சொல்லும் அந்த ஏற்பாடே பையனின் வாயை அடைத்துவிட்டது.

அடுத்த முறை ராபின்ஸ் உருளைக்கிழங்கு வறுவலோடு போனார். லியானின் நெருங்கிய நண்பன் கிரெகரியையும் அழைத்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன் பேசக்கூடாத சொற்களைத் தானே பேச்சில் எடுத்துவிட்டார். அவ்வளவுதான், அதே லியான் குறுக்கே விழுந்து பேசினான், மறுத்தான், கிண்டலடித்தான், நண்பனோடு மல்லுக்கு நின்றான். இடைப்பட்ட நாட்களில் யாரும் அவனுக்குச் சொல் கற்பிக்கவில்லை. முதல் பேட்டியின் ஒலிநாடாவை மட்டும் வைத்துக்கொண்டு அவனுடைய சொற்களை எண்ணியிருந்தால் என்ன எண் வந்திருக்கும்? அந்த எண்ணை 20,800ஆல் பெருக்கினால்?

ஹார்ட்டும் ரிஸ்லியும் லபோவின் கட்டுரை வந்து கால் நூற்றாண்டு கழித்து நூல் வெளியிட்டவர்கள். மாதாமாதம் போய்ப் பழகியதால் குடும்பங்கள் தாங்கள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டன என்பது அந்த ஆய்வாளர்கள் தரப்பு. எல்லா வர்க்கத்து வீடுகளும் ஒரே அளவில் மறந்தன என்று அதற்குப் பொருளா? அதை நிறுவாமல் வீடுகளை ஒப்பிட்டு என்ன பயன்?

3. யாருடைய பேச்சு எண்ணப்பட்டது?

டக்ளஸ் ஸ்பெரி, லிண்டா ஸ்பெரி, பெகி மில்லர் மூவரும் 2018இல் மறுபரிசீலனை ஒன்றை வெளியிட்டார்கள். அவர்களும் 42 குழந்தைகளையே பார்த்தார்கள். அலபாமாவின் ஏழைக் கறுப்பின ஊர், தெற்கு பால்டிமோரின் ஏழை வெள்ளையர் பகுதி, இந்தியானா, சிகாகோவின் குடியிருப்புகள் என ஐந்து சமூகங்களிலிருந்து. தாயின் பேச்சோடு நிற்காமல் பாட்டி, அத்தை, அண்ணன், அக்காள், பக்கத்து வீட்டார் பேச்சையும், குழந்தையின் காதுபட மற்றவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதையும் சேர்த்து எண்ணினார்கள். அப்படி எண்ணியதும் வர்க்க வரிசை குலைந்துவிட்டது. ஒரே வர்க்கத்துக்குள் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு. சில ஏழைச் சமூகங்களின் குழந்தைகள் நடுத்தர வர்க்கக் குழந்தைகளைவிட அதிகம் கேட்டார்கள். தாயும் பிள்ளையும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து உரையாடும் வீடு உலகத்தில் எத்தனை? ஆட்கள் நிறைந்த வீட்டில் ஒரே ஒருத்தியின் வாயை மட்டும் அளந்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான பதிலை இங்கே வைத்தாக வேண்டும். ராபர்ட்டா கோலின்காஃபும் சக ஆய்வாளர்களும் உடனே மறுத்தார்கள். ஸ்பெரி குழுவின் ஆய்வில் மேல்தட்டுத் தொழில்நிபுணர் குடும்பங்களே இல்லை, பிறகு எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்றார்கள், நியாயமான குறைதான். காதில் தற்செயலாக விழும் பேச்சு குழந்தைக்குப் பயன்படாது, குழந்தையை நோக்கிப் பேசுவதுதான் பயன்படும் என்றும் சொன்னார்கள். இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது ஸ்டான்ஃபோர்டில் ஏட்ரியானா வைஸ்லீடரும் ஆன் ஃபெர்னால்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடும்பங்களின் 29 குழந்தைகளில், நேரடியாகத் தம்மிடம் பேசப்பட்டதை அதிகம் கேட்டவர்களே பின்னர் அதிகச் சொற்கள் அறிந்திருந்தார்கள்.

சரி. அந்த ஆய்வையே முழுதாகப் படிப்போம். அந்த 29 வீடுகளும் ஏழை வீடுகள்தாம். ஒரு வீட்டில் ஒரு நாளில் குழந்தையை நோக்கி 12,000க்கும் மேற்பட்ட சொற்கள். இன்னொரு வீட்டில் 670. ஒரே வர்க்கத்துக்குள், ஒரே மொழிக்குள் இவ்வளவு அகலம் என்றால், வறுமையை வைத்துப் பேச்சை ஊகிக்க முடியாது என்றுதானே அதற்குப் பொருள்? எதிர்த்தரப்பின் சிறந்த சாட்சி எதிர்த்தரப்பையே கவிழ்க்கிறது.

குழந்தையிடம் நேருக்கு நேர் பேசினால்தான் மொழி வரும் என்பதும் உலகம் முழுவதற்கும் பொருந்துவதன்று. பப்புவா நியூ கினியின் கலுலி மக்களும் சமோவா மக்களும் கைக்குழந்தையை உரையாடல் துணையாகக் கருதி அதனிடம் பேசிக்கொண்டிருப்பதில்லை என்று பாம்பி ஷீஃபெலினும் எலினார் ஓக்ஸும் 1984இல் விரிவாக எழுதினார்கள். மெக்சிகோவின் செல்தால் மாயா ஊரில் மரிசா கசியாஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட அளவீட்டின்படி, சிறு குழந்தையை நோக்கிய பேச்சு மணிக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அந்தக் குழந்தைகளும் உரிய காலத்தில் முதல் சொல்லைச் சொல்கிறார்கள், சொற்களைக் கோக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் மொழி குறைந்தவர்கள் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. அலபாமாவின் தாயிடம் மட்டும் அந்தத் துணிவு வந்துவிடுகிறது.

4. சொல்லை எண்ணுகிறவர்களுக்குக் கதை கேட்கத் தெரியவில்லை.

மொழி என்பது சொல் மூட்டை என்று நினைத்தால் மட்டுமே இந்த வாதம் முழுதும் நடக்கும். அந்த நினைப்பை உடைக்கக் கதைப் பகுப்பாய்வைவிடச் சிறந்த கருவி இல்லை. லபோவும் ஜாஷுவா வாலட்ஸ்கியும் 1967இல் சாதாரண மக்கள் சொன்ன சொந்த அனுபவக் கதைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உயிர் போகும் நிலைக்கு வந்ததுண்டா என்று கேட்டால் மனிதர்கள் தம்மை மறந்து பேசுகிறார்கள். அப்படிப் பேசிய, பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர்களின் கதைகளிலும் களம், சிக்கல், முடிவு எல்லாம் இருந்தன. இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்று உணர்த்தும் மதிப்பீடும் இருந்தது. அந்த மதிப்பீட்டை எந்த இடத்தில் வைப்பது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்பதைச் சொற்பட்டியல் கற்றுத்தருவதில்லை.

ஆனால் பள்ளிக்கு ஒரே ஒரு வகைக் கதைதான் காதில் ஏறுகிறது. சாரா மைக்கல்ஸ் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் வகுப்பொன்றில், குழந்தைகள் தம் அனுபவங்களைச் சொல்லும் காலைநேரப் பகிர்வைக் கவனித்து 1981இல் எழுதினார். வெள்ளையினக் குழந்தைகள் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சொன்னார்கள். ஆசிரியை சரியான இடத்தில் சரியான கேள்வி கேட்டார், கதை வளர்ந்தது. கறுப்பினக் குழந்தைகள், சிறப்பாகச் சிறுமிகள், ஒரு நிகழ்ச்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கட்டும் கயிறு வெளியே சொல்லப்படாமல் குரலின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. ஆசிரியைக்கு அந்தக் கயிறு தென்படவில்லை. ஒன்றைப் பற்றி மட்டும் சொல் என்று நடுவிலே நிறுத்தினார். இது முக்கியமில்லை, அது முக்கியமில்லை என்று எப்போதும் தன்னை இடைமறித்ததாக அவர்களில் ஒரு சிறுமி பின்னாளில் ஆய்வாளரிடம் எரிச்சலோடு சொன்னாள். பேசத் தெரியாத பிள்ளையா இது?

இது ஓர் ஆசிரியையின் குறை அல்ல. கோர்ட்னி காஸ்டனும் மைக்கல்ஸும் இத்தகைய கதைகளை ஒரே குரலில் பதிவுசெய்து ஹார்வர்டின் கல்வியியல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளையின மாணவர்கள் தாவிச் செல்லும் கதையைக் குழப்பம் என்றார்கள். இந்தக் குழந்தைக்குப் படிப்பு வராது என்றுகூடக் கணித்தார்கள். அதே கதையைக் கேட்ட கறுப்பின மாணவர்கள் நயமும் விவரமும் நிறைந்தது என்றார்கள். பதிவு ஒன்றுதான், செவிகள்தாம் வேறு. ஜேம்ஸ் ஜீ 1985இல் இத்தகைய சிறுமி ஒருத்தியின் கதையை வரிகளாகவும் பத்திகளாகவும் பிரித்து எழுதியபோது, திரும்பத் திரும்ப வரும் அமைப்பும் இணை வரிகளும் கொண்ட வாய்மொழிக் கவிதையாக அது எழுந்து நின்றது.

கரிசல் காட்டுப் பெரியவர் ஒன்றைத் தொடங்கி, இடையில் இன்னொன்றுக்குப் போய், வேறெங்கோ கரையேறுவதைக் கி. ராஜநாராயணன் எழுத்தில் படித்து நாம் ரசிக்கிறோம். அதற்கு சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. ஏழு வயதுப் பிள்ளை வகுப்பில் அதையே செய்தால் ‘கோர்வை இல்லை’ என்று மதிப்பெண் குறைக்கிறோம்.

5. இந்த நம்பிக்கையால் யாருக்கு லாபம்?

குழந்தையிடம் நிறையப் பேசச் சொல்வதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பேசட்டும்; யார் வேண்டாமென்றது? கெடுதல் அறிவுரையில் இல்லை. காரணத்தைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை குறைந்த பகுதியில் பள்ளியும் இளைத்துப்போகிறது. அந்த வரிமுறையைத் திருத்த அரசியல் துணிச்சல் வேண்டும். தாயின் வாயைத் திருத்த ஒரு சிறு கருவி போதும். எது முதலில் நடக்கும் என்பதில் ஐயமில்லை.

பள்ளி தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் 1979இல், குழந்தைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறிந்து வாசிப்புக் கற்பிக்கப் பள்ளி நிர்வாகம் வழிசெய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தார். தடையாகத் தீர்ப்பு கண்டது குழந்தையின் மொழியை அன்று. அதைக் கணக்கில் எடுக்காத ஆசிரியர் மனப்பாங்கை.

செய்து காட்டியவர்களும் உண்டு. மானிடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் கரோலினா மாநிலங்களின் பஞ்சாலைப் பகுதியில் ஏறத்தாழப் பத்தாண்டு பழகி 1983இல் எழுதிய நூலில், டிராக்டன் என்று அவர் பெயர் மாற்றிய கறுப்பினக் குடியிருப்பில், பெரியவர்கள் விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை என்று காட்டினார். தனக்கே தெரியும் நிறத்தை ‘இது என்ன நிறம்?’ என்று ஏன் கேட்க வேண்டும்? ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்றுதான் கேட்பார்கள். பள்ளியில் முதல் நாளே நிறம் கேட்டதும் குழந்தை ஊமையானது. ஹீத்தோடு சேர்ந்த ஆசிரியர்கள் குடியிருப்பின் படங்களைக் காட்டி, இங்கே என்ன நடக்கிறது, நீ இங்கே போயிருக்கிறாயா என்று தொடங்கினார்கள். குழந்தைகள் பேசினார்கள். அந்தப் பேச்சைப் பதிவுசெய்து, அதிலிருந்து பள்ளி கேட்கும் கேள்விகளுக்குப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். தாய்மார்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. வீட்டில் சொற்களைக் கூட்டச் சொல்லவும் இல்லை. மாறியது ஆசிரியர் கேட்ட கேள்விதான், அது போதுமானதாக இருந்தது. பின்னர் மேலிருந்து சோதனைகளும் படிவங்களும் குவிந்து ஆசிரியர்களின் சுதந்திரம் சுருங்கியதும், 1980களின் தொடக்கத்திலேயே அந்த முறை வகுப்பறைகளை விட்டுப் போய்விட்டது என்று ஹீத்தே நூலின் பின்னுரையில் பதிவுசெய்திருக்கிறார்.